‘சேவை மனப்பான்மை’யை அடித்துவிட்டு எழுதுங்கள்: செவிலியர் படிப்புக்கு என் இரண்டாவது முயற்சி

முடிவு வந்து நான்கு நாட்கள் ஆகின்றன. பட்டியலில் என் பெயரைக் கண்டபோது மகிழ்ச்சியைவிட, சென்ற ஆண்டு அது அங்கே இல்லாமற்போனதன் எரிச்சல்தான் முதலில் தலைதூக்கியது. எழுத்துத் தேர்வில் இரண்டு முறையும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண்தான் பெற்றேன். என்னைக் கவிழ்த்ததும் பிறகு கரைசேர்த்ததும், ஏன் இந்தப் படிப்பு என்று நாமே எழுதித் தரும் நோக்கக் கட்டுரையும் அதையொட்டி நடந்த நேர்காணலுமே. ஆகவே உயிரியலை எப்படிப் படிப்பது என்பதை இங்கே எழுதப் போவதில்லை. அதைச் சொல்ல என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள்.

சென்ற ஆண்டு நான் எழுதிய கட்டுரையின் முதல் வரி, “சிறுவயது முதலே எனக்குச் சேவை மனப்பான்மை உண்டு” என்பது. இரண்டாம் பத்தியில் கைவிளக்கு ஏந்திய காரிகையாகிய புளோரன்ஸ் நைட்டிங்கேல் வந்துவிட்டார். எழுதி முடித்தபோது அது எனக்கே அழகாகத் தோன்றியது. நேர்காணலில் நடுவில் அமர்ந்திருந்தவர் அதைப் படித்துவிட்டு, “சேவை செய்ய வேறு எத்தனையோ வழிகள் இருக்கின்றன, ஏன் செவிலியர் பணி?” என்று கேட்டார். நான் மீண்டும் சேவை என்றே தொடங்கினேன். “சரி, நைட்டிங்கேல் விளக்கை எடுத்துக்கொண்டு நடந்ததைத் தவிர வேறு என்ன செய்தார்?” என்பது அடுத்த கேள்வி. வாய் அடைத்துப்போயிற்று.

வீட்டுக்கு வந்த பிறகுதான் தேடிப் படித்தேன். 1854இல் கிரிமியப் போரின்போது அவர் ஸ்கூட்டாரி மருத்துவமனைக்குச் சென்றார். அந்தப் போரில் காயங்களால் இறந்த பிரித்தானிய வீரர்களைவிட நோய்களால் இறந்தவர்களே அதிகம் என்பதை மாதவாரியாகக் கணக்கெடுத்து, 1858இல் வட்ட வடிவ வரைபடமாக அச்சிட்டு அதிகாரிகள் முன் வைத்தவரும் அவரே. பிரித்தானியப் புள்ளியியல் கழகத்தில் உறுப்பினரான முதல் பெண்ணும் அவர்தான். விளக்கைப் பற்றி எழுதும் நாம் அவர் கையிலிருந்த கணக்கேட்டை மறந்துவிடுகிறோம். இது தெரிந்திருந்தால் சென்ற ஆண்டே இடம் கிடைத்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எனக்கு எழுதுவதற்கான பொருள் எங்கே இருக்கிறது என்பது அந்தக் கணக்கேட்டைப் பற்றிப் படித்தபோதுதான் உறைத்தது.

இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்ட என் பாட்டிக்குத் துணையாக நான் மருத்துவமனையில் ஐந்து இரவுகள் தங்கியிருந்தேன். இரவுப் பணியிலிருந்த செவிலியர் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வந்து, படுக்கைப்புண் வராமலிருக்கப் பாட்டியைப் பக்கம் மாற்றிப் படுக்கவைப்பார். பிறகு, “அம்மா, கையைக் கொடுங்கள்” என்று மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்ப்பார். சற்று நேரம் கழித்தும் அவர் கையை விடமாட்டார்; விரல்கள் நாடியின் மேலேயே இருக்க, கண்கள் மட்டும் போர்வையின் ஏற்ற இறக்கத்திலும் கைக்கடிகாரத்திலும் மாறி மாறி நிற்கும். மூன்றாம் நாள் காரணம் கேட்டேன். “மூச்சை எண்ணப் போகிறேன் என்று சொன்னால் அவர்கள் தங்களை அறியாமலேயே மூச்சை மாற்றிக்கொள்வார்கள், நாடி பார்ப்பதாக நினைத்துக்கொண்டிருந்தால்தான் உண்மையான எண்ணிக்கை கிடைக்கும்” என்றார்.

முதல் நாள் நிமிடத்துக்கு 18 என்று குறித்த இடத்தில் நான்காம் நாள் இரவு அவர் 28 என்று எழுதினார். காய்ச்சல் இல்லை, பாட்டியும் ஒன்றும் செய்யவில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தார். செவிலியர் முழு நிமிடமும் இன்னொரு முறை எண்ணிப் பார்த்துவிட்டு, உடனே மருத்துவரை அழைத்தார். எக்ஸ்ரேயில் நிமோனியா தெரிந்தது. பாட்டி பிழைத்து வீட்டுக்கு வந்தார்.

இது நடந்தது என் முதல் முயற்சிக்கு முன்பு. இவ்வளவு சிறிய விஷயத்தை எழுதினால் சிரிப்பார்கள் என்று எண்ணி, நானே அதை விட்டுவிட்டு நைட்டிங்கேலின் விளக்கைத் தேடிப் போனேன். நான் செய்த ஒரே பெரிய பிழை அதுதான். நான் ஏன் செவிலியராக விரும்புகிறேன் என்பதற்கு, மணிக்கட்டைப் பிடித்தபடி மார்பைக் கவனித்த அந்தக் கண்களைத் தவிர என்னிடம் வேறு விடை இருந்ததில்லை.

இந்த ஆண்டு அதை மட்டுமே எழுதினேன். நேர்காணலில் ஒருவர், “எங்கே, என் மூச்சை எண்ணுங்கள் பார்க்கலாம்” என்றார். “நீங்களே சொல்லிவிட்டீர்களே மேடம், இனிச் சரியான எண்ணிக்கை வராது” என்றேன். அவர் சிரித்துவிட்டு, பெரியவர்களுக்கு இயல்பான அளவு என்ன என்று கேட்டார். 12 முதல் 20 வரை என்றேன். பிறந்த குழந்தைக்கு என்ன என்றதும் தெரியாது என்று ஒப்புக்கொண்டேன். (30 முதல் 60 வரை. வெளியே வந்ததும் பார்த்தேன்.) மருத்துவராக ஏன் விரும்பவில்லை என்ற வழக்கமான கேள்வியும் வந்தது. மருத்துவர் ஒரு நோயாளியின் அருகில் சில நிமிடங்களே நிற்க முடிகிறது, மாற்றத்தை முதலில் காண்பவர் பணிநேரம் முழுவதும் அங்கேயே இருப்பவர்தான், எனக்கு அந்த இடமே வேண்டும் என்றேன்.

இனி, உதிரியாகச் சில:

- கட்டுரையில் ‘சேவை’, ‘தியாகம்’, ‘கருணை’ என்ற சொற்களை அடித்துவிட்டுப் படித்துப் பாருங்கள். மிச்சம் எதுவும் இல்லையென்றால் மறுபடி எழுதுங்கள்.
- நோயாளியை நேரில் கண்டதே இல்லை என்பவர்கள் கதை புனைய வேண்டாம்; இரண்டாவது கேள்வியிலேயே பிடித்துவிடுவார்கள்.
- மாதிரி நேர்காணல் எனக்கு ஒத்துவரவில்லை. நான் கூச்ச சுபாவம் உள்ள ஆள்; ஒத்திகை பார்த்தால் ஒப்பிப்பதுபோல் ஆகிவிடுகிறது. பேச்சில் வல்லவர்கள் என் சொல்லைக் கேட்க வேண்டியதில்லை.
- ரத்தத்தைக் கண்டால் மயக்கம் வருமா என்று கேட்பார்கள். எனக்கு ஒருமுறை வந்திருக்கிறது, அதையும் மறைக்கவில்லை.
- ரத்தத்தின் வழியே பரவும் கல்லீரல் நோயான ஹெபடைடிஸ் பிக்கான தடுப்பூசியை இப்போதே தொடங்குங்கள். வழக்கமான அட்டவணையில் முதல் ஊசிக்கு ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறு மாதம் கழித்து மூன்றாவது. முடிவு வரட்டும் என்று காத்திருந்த நான் நேற்றுதான் முதல் ஊசி போட்டுக்கொண்டேன். இடது தோள் இன்னும் வலிக்கிறது.