பத்து நாளுக்கு மூன்று ஐட்டம் போதும்

ஆண்டுதோறும் மே மாதத்தில் திண்டுக்கல் பக்கம் ஒரு பள்ளி விடுதியில் மேஜிக் கலைஞர்களுக்கான பத்து நாள் பயிற்சி நடக்கிறது. அங்கேயே தங்கிப் படிக்க வேண்டும். சின்ன மேடைகளில் ஏற்கெனவே ஷோ செய்கிறவர்களும் இதையே பிழைப்பாக எடுத்துக்கொள்ளத் துணிந்தவர்களும் வருகிறார்கள். கைத்திறன் வகுப்பு என் பொறுப்பு. அடுத்த ஆண்டுக்கான பாடத்திட்டத்தில் எதை மாற்றலாம் என்று ஒருங்கிணைப்பாளர்கள் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு எழுத உட்கார்ந்தது நீண்டுகொண்டே போனதால், இந்தக் கலையில் இருக்கும் மற்றவர்களும் படிக்கட்டும் என்று இங்கேயே எழுதுகிறேன். எந்த ஐட்டத்தின், அதாவது எந்த வித்தையின், ரகசியத்தையும் இதில் உடைக்கப் போவதில்லை.

முதலில் ஐட்டங்களின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். கயிறு, வளையம், கைக்குட்டை, சீட்டு, காசு, பந்து, மனதில் நினைத்ததைச் சொல்வது என்று நாற்பதுக்கும் மேற்பட்ட ஐட்டங்கள் இப்போது பாடத்தில் இருக்கின்றன. காலையில் நான்கு, மாலையில் நான்கு என்று ஓடுகிறோம். நோட்டுப் புத்தகம் நிறைந்துவிடுகிறது. ஊர் திரும்பியவரிடம் ஒரு மாதம் கழித்துக் கேட்டால், எல்லா ரகசியமும் தெரியும். ஒன்றையும் பத்துப் பேர் முன்னால் செய்துகாட்டும் தைரியம் இல்லை. ரகசியம் தெரிந்துகொள்ள ஐந்து நிமிடம் போதும். அதற்கு யாரும் வீட்டை விட்டுப் பத்து நாள் வந்து தங்கத் தேவையில்லை.

மேஜிக் சங்கங்களின் சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிஸ்ம் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை உலகப் போட்டி நடத்துகிறது. மேடைப் பிரிவில் ஒருவருக்குக் கிடைக்கும் நேரம் அதிகபட்சம் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தைச் செதுக்கப் பல ஆண்டுகள் செலவிட்டவர்கள்தாம் அங்கே வந்து நிற்கிறார்கள். லாஸ் ஏஞ்சலஸில் பென் சாவேஸ் நடத்திய மேஜிக் பள்ளியும் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும். பந்து, சீட்டு, காசு போன்ற சில்லறைப் பொருள்களை விரல்களில் கையாளும் பயிற்சியே அங்கே பெரும்பாடம். பெட்டி பெட்டியாகச் சாமான் கிடையாது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அங்கே படித்த சானிங் பொல்லாக்தான் பின்னாளில் புறா ஐட்டத்தால் உலகம் முழுக்கப் பேசப்பட்டார்.

ஆகவே ஒருவருக்கு மூன்று ஐட்டம் என்று வைத்துக்கொள்ளலாம். ஒன்று, எதிரில் இருப்பவரின் மூக்குக்கு நேரே கையால் செய்வது. இன்னொன்று, கடைசி வரிசைக்கும் தெரியும்படி மேடையில் செய்வது. மூன்றாவதில் பார்வையாளர் ஒருவரை மேடைக்கு அழைக்க வேண்டும். எவை என்பதை முதல் நாள் இரவுக்குள் பயிற்சி பெறுகிறவரே முடிவு செய்யட்டும். பத்து நாளும் அந்த மூன்றோடுதான் வாழ வேண்டும்.

மூன்று ஐட்டத்தில் பத்து நாள் என்ன சொல்லித்தர இருக்கிறது என்று சக பயிற்றுநர் ஒருவர் கேட்டார். காசு மறைவதை மட்டும் எடுத்துக்கொள்வோம். என் வகுப்பில் முதல் நாள் ரகசிய அசைவே கிடையாது. ஐந்து ரூபாய் நாணயத்தை ஒரு கையிலிருந்து மறுகைக்கு உண்மையாகவே மாற்றச் சொல்வேன். பக்கத்தில் இருப்பவர் அதைச் செல்போனில் படம் பிடிக்க வேண்டும். உண்மையாக மாற்றும்போது கண் எங்கே போகிறது, தோள் எவ்வளவு தளர்வாக இருக்கிறது, காலியான கை எத்தனை அலட்சியமாகக் கீழே இறங்குகிறது என்பதை அவரவர் அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பார்கள். ரகசிய அசைவு இரண்டாம் நாள்தான் வரும். அதையும் படம் பிடித்து, முந்தைய நாள் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வித்தியாசம் பளிச்சென்று தெரியும். கட்டைவிரல் விறைத்திருக்கும். முழங்கை உடம்போடு ஒட்டியிருக்கும். மூச்சு நின்றிருக்கும். சென்ற முகாமுக்கு வந்த ஓர் இளைஞருக்கு விரல் சுத்தமாக இருந்தது. காசு மறைகிற நொடியில் மட்டும் உதட்டை இறுக்கிக்கொண்டார். ஏதோ நடக்கிறது என்று அந்த உதடே எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தது. இரண்டு படங்களையும் பார்த்தவுடன் யாரும் சொல்லாமலே அவருக்குப் புரிந்துவிட்டது.

விடுதியில் இருக்கும் ஆளுயரக் கண்ணாடிகளை எடுத்துவிட வேண்டும் என்று நான் கேட்பதும் இதனால்தான். கோணம் சரிபார்க்கக் கண்ணாடி உதவும், மறுக்கவில்லை. ஆனால் அதன் முன்னாலேயே பழகுகிறவர்களுக்கு, சரியாக அந்த அசைவின் நொடியில் கண் சிமிட்டும் பழக்கம் வந்துவிடுகிறது. சிமிட்டிய கண்ணுக்குத் தன் தவறு தெரியாது. எல்லாம் சரியாக வருகிறது என்று நம்பிக்கொண்டே மாதக்கணக்கில் பழகுவார்கள். செல்போன் கேமரா சிமிட்டுவதில்லை.

அடுத்தது, எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகப் படும் மாற்றம். இப்போது பயிற்சி பெறுகிறவர்கள் முதன்முறையாக ஆட்களைச் சந்திப்பதே பத்தாம் நாள் நிறைவு விழாவில்தான். அங்கே வருகிறவர்கள் பெற்றோர், மனைவி, நண்பர்கள். வளையம் கை தவறிக் கீழே விழுந்தாலும் கைதட்டுவார்கள். அன்பு இருக்கிற இடத்தில் கலைஞனுக்குப் பாடம் கிடைக்காது. மூன்றாம் நாள் மாலையே வெளியே அழைத்துக்கொண்டு போக வேண்டும். டீக்கடை பெஞ்ச், வாரச் சந்தை, முதியோர் இல்லம் என்று, அனுமதி கேட்டுக்கொண்டு, முன்பின் தெரியாதவர்கள் முன்னால் ஒரே ஓர் ஐட்டம் செய்ய வேண்டும். ஆறாம் நாளும் எட்டாம் நாளும் அதே ஐட்டத்தை வேறு ஆட்களிடம் செய்ய வேண்டும்.

செய்து முடித்ததும் பயிற்றுநர் போய்ப் பார்த்தவர்களிடம் பேச வேண்டும். "பிடித்திருந்ததா?" என்று கேட்பதில் பயனில்லை. நம் ஊரில் யாரும் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல மாட்டார்கள். "என்ன நடந்தது என்று வரிசையாகச் சொல்லுங்கள்" என்றுதான் கேட்க வேண்டும். வேறொரு சமயம் சந்தையில் பூக்கடைக்கார அக்கா ஒருவரிடம் நான் அப்படிக் கேட்டபோது, "ஒரு சீட்டை எடுக்கச் சொன்னார். பிறகு எதையோ எண்ணினார். மறுபடி எண்ணினார். கடைசியில் என் சீட்டைக் காட்டினார்" என்றார். செய்தவரோ, அந்த அக்கா மூடிய கைக்குள் வைத்திருந்த சீட்டே மாறிப்போனது என்று அவரை வியக்கவைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தார். மாறியதை அந்த அக்கா கவனிக்கவே இல்லை. நடுவில் வந்த எண்ணிக்கை எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. அன்று இரவு அந்த ஐட்டத்திலிருந்து எண்ணும் பகுதியை எடுத்துவிட்டோம். இப்படி ஒரு திருத்தம் வகுப்பறைக்குள் எத்தனை நாள் பேசினாலும் வந்திருக்காது, ஏனென்றால் வகுப்பில் இருக்கும் எல்லோருக்கும் ரகசியம் தெரியும்.

பயிற்சிக் கூடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏசி அறை, கறுப்புத் திரை, நேரான விளக்கு, எதிரில் வரிசையாக நாற்காலி. இப்படிப்பட்ட மேடை நம்மில் எத்தனை பேருக்குக் கிடைக்கிறது? நமக்கு வாய்ப்பது கல்யாண வரவேற்பு, பள்ளி ஆண்டு விழா, கோயில் திருவிழா. மேடை ஓரத்தில் ராட்சச மின்விசிறி சுழலும். பட்டுக் கைக்குட்டை அதன் இஷ்டத்துக்குப் பறக்கும். குழந்தைகள் மேடைக்குப் பின்னால் ஏறி வந்து முதுகுப்பக்கம் நிற்பார்கள். சென்னையிலோ தூத்துக்குடியிலோ மே மாதப் புழுக்கத்தில் சீட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மைக்கைப் பிடிக்க ஒரு கை போய்விட்டால் ஐட்டத்துக்கு ஒரு கைதான் மிச்சம். உங்கள் பாட்டு இருக்கிற பென் டிரைவை மைக் செட் தம்பி எங்கே வைத்தார் என்று அவருக்கே தெரியாது. திடீரென்று பந்திக்குக் கூப்பிடுவார்கள், பாதிக் கூட்டம் எழுந்துவிடும். ஏழாம் நாளை முழுக்க இதற்கென்று ஒதுக்கலாம். பக்கத்து ஊரில் கல்யாண மண்டபம் ஒன்றை எடுத்து, விசிறியை ஓடவிட்டு, பின்னாலும் ஆட்களை நிற்கவைத்து, பாட்டை நடுவில் நிறுத்திச் செய்துபார்க்க வேண்டும். தீ வரும் ஐட்டம் செய்கிறவர்களுக்குத் துணிப்பந்தலிலும் கீற்றுப்பந்தலிலும் அதைச் செய்யவே கூடாது என்பதையும் அன்றே அழுத்தமாகச் சொல்லிவிட வேண்டும்.

நேரத்தைச் சுருக்கும் பயிற்சியும் அதே நாளில் சேரலாம். இருபது நிமிட ஷோவைப் பன்னிரண்டில், பிறகு ஆறில். தலைவர் வந்துவிட்டார், சீக்கிரம் முடியுங்கள் என்று காதில் சொல்லப்படாத மேஜிக் கலைஞர் தமிழ்நாட்டில் இருக்க முடியாது. 1956-இல் இந்திய மேஜிக் கலைஞர் பி.சி. சர்க்கார் பிபிசி தொலைக்காட்சியின் பனோரமா நிகழ்ச்சியில் ஒரு பெண்ணை ரம்பத்தால் அறுக்கும் ஐட்டத்தைச் செய்தார். அறுத்த பிறகு அந்தப் பெண் எழுந்திருக்கவில்லை. சர்க்கார் அவர் முகத்தைத் துணியால் மூடினார். நேரம் முடிந்தது என்று ஒளிபரப்பு நின்றுவிட்டது. கொலை நடந்துவிட்டதோ என்று பதறியவர்களின் தொலைபேசி அழைப்புகளில் பிபிசி திணறியது. மறுநாள் செய்தித்தாள்களில் அதுதான் பேச்சு, சர்க்காரின் ஷோ நடந்த லண்டன் அரங்கில் டிக்கெட்டுக்குக் கூட்டம். நேரத்தில் கறாரானவர் என்று பெயரெடுத்த சர்க்கார் இதைத் தெரிந்தேதான் செய்தார் என்று சொல்பவர்கள் உண்டு. எப்படியிருந்தாலும், நேரத்தைக் கைக்குள் வைத்திருப்பதும் கைத்திறனில் சேர்த்திதான்.

குழந்தைகளை மேடைக்கு அழைப்பது பற்றித் தனி வகுப்பு கட்டாயம் வேண்டும். சிரிப்புக்காகக் குழந்தையை முட்டாளாக்கும் வசனங்கள் இன்னும் பலருடைய வாயில் இருக்கின்றன. கையைப் பிடித்து இழுக்காமல் அழைப்பது, பெயரைக் கேட்டு அதே பெயரால் கூப்பிடுவது, அற்புதம் அந்தக் குழந்தையின் கையில் நிகழும்படி அமைப்பது, கைதட்டலை அதற்கு வாங்கிக்கொடுத்து இருக்கை வரை அனுப்பிவைப்பது, எல்லாமே பழகிப் பழகி வரவேண்டியவை.

பயிற்றுநர் பட்டியலில் தெருவில் வித்தை காட்டிய பெரியவர் ஒருவரையாவது சேர்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. மேடையில் நமக்குக் கூட்டம் தயாராக உட்கார்ந்திருக்கும். அவர்களோ வெறும் தெருவில் ஒரு மேளத்தைத் தட்டி, போகிறவன் வருகிறவனை நிறுத்தி வட்டம் கட்டுவார்கள். கீரிக்கும் பாம்புக்கும் சண்டை விடப் போவதாகச் சொல்லியே மோடி மஸ்தான் ஒரு மணி நேரம் கூட்டத்தைக் கலையாமல் வைத்திருப்பாரே, அந்தப் பேச்சின் ஏற்ற இறக்கத்தை எந்தப் புத்தகத்திலிருந்து கற்றுக்கொள்வது? செப்படி வித்தையை மணலில் சம்மணமிட்டு, மூன்று பக்கமும் ஆட்கள் சூழ்ந்திருக்கும்போது செய்கிறவருக்குக் கோணத்தைப் பற்றித் தெரிந்ததில் பாதிகூட நம் மேடைக் கலைஞர்களுக்குத் தெரியாது. அப்படி அழைக்கப்படும் பெரியவருக்கு மற்றப் பயிற்றுநர்களுக்குத் தரும் அதே மதிப்பூதியம் தர வேண்டும். அன்று மேடையைத் தவிர்த்து எல்லோரும் தரையில் உட்கார்ந்து கற்கலாம்.

ஆனால் அந்த வட்டத்தின் முடிவில் தாயத்து விற்றார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. நம் கலையை ஏமாற்றுக்குப் பயன்படுத்துவது மிக எளிது. கோவை போத்தனூரில் வாழ்ந்த பகுத்தறிவாளர் பி. பிரேமானந்த் 2009-இல் மறையும்வரை, விபூதி வரவழைப்பது முதலான அற்புதங்கள் எல்லாம் கைத்திறன்தான் என்று ஊர் ஊராகச் செய்து காட்டினார். இந்தப் பொறுப்பு பயிற்சியில் ஒரு வகுப்பாகவே இடம்பெற வேண்டும். மனதைப் படிக்கும் ஐட்டம் செய்துவிட்டு இறங்கிய என்னிடம் கிராமத்துப் பாட்டி ஒருவர் வந்து, காணாமல் போன மகன் எங்கே இருக்கிறான் என்று பார்த்துச் சொல்லும்படி கேட்டார். சேலை முந்தானையில் முடிந்திருந்த பணத்தை அவிழ்க்கவே ஆரம்பித்துவிட்டார். "பாட்டி, இது வெறும் வித்தை, பழக்கத்தில் வருவது. எனக்கு எந்தச் சக்தியும் இல்லை" என்று சொல்லி, போலீஸில் புகார் கொடுத்திருக்கிறார்களா என்று விசாரித்து, பக்கத்தில் இருந்தவரிடம் உதவச் சொல்லிவிட்டு வந்தேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. நம் மாணவர்களுக்கும் இப்படியொரு பாட்டி எதிரே வந்து நிற்பார். அப்போது என்ன சொல்வது என்பதை முன்பே யோசித்து, வாய்விட்டுச் சொல்லிப் பழகியிருக்க வேண்டும்.

சான்றிதழைப் பத்தாம் நாள் தரவேண்டாம். ஊருக்குப் போய் அந்த மூன்று ஐட்டங்களையும் உண்மையான ஷோக்களில் செய்து, மூன்று மாதத்துக்குள் வீடியோ அனுப்பியவர்களுக்குத் தபாலில் அனுப்பலாம். இருவர் இருவராகப் பிரித்து, வாரம் ஒருமுறை ஒருவர் வீடியோவை மற்றவர் பார்த்துச் சொல்ல ஏற்பாடு செய்தால் போதும், பெரிய செலவில்லை.

கடைசியாக, சாமான் விற்கும் கடை. வகுப்புக்கு வெளியே முதல் நாளிலிருந்தே மேஜை போட்டு விற்கிறார்கள். பழகி வராத ஐட்டத்தை அப்படியே விட்டுவிட்டு, மாலையில் ஆயிரக்கணக்கில் கொடுத்துப் பெட்டி வாங்கிக்கொண்டு போகிறார்கள் பிள்ளைகள். முகாமுக்கு வருகிறவர்களில் பலர் கடன் வாங்கிக் கட்டணம் கட்டியவர்கள். வியாபாரிகளும் நம் குடும்பம்தான், அவர்கள் வர வேண்டாம் என்று சொல்லவில்லை. பத்தாம் நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரட்டும். அதற்குள் தனக்கு எது தேவை, எது தேவையில்லை என்று கேட்டு வாங்கும் அளவுக்கு ஒவ்வொருவரும் தேறியிருப்பார்கள்.