பாம்பே அண்ணனும் இரண்டு யானைகளும்

2019 ஜனவரி 11, வெள்ளி

பெரியப்பா மகன் வந்திறங்கினார், அண்ணியும் கூட. மாதுங்காவாசிகள். 1964-இல் கைக்குழந்தையாக ரங்கூனிலிருந்து மெட்ராஸுக்குக் கப்பலில் போனவர், 54 வயதில் இப்போதுதான் முதல் தடவையாக ரங்கூனுக்குத் திரும்பி வருகிறார். டாக்சி கிளம்பியதுமே சந்தேகம் வந்துவிட்டது.

"ஏன் தம்பி, வண்டியும் வலப்பக்கம் போகுது, ஸ்டியரிங்கும் வலப்பக்கமே இருக்கு?"

1970-இல் ஒரே நாளில் இடப்பக்கப் போக்குவரத்தை வலப்பக்கமாக மாற்றியதையும், ஓடுகிற கார்களில் பாதிக்கு மேல் ஜப்பானில் ஓடித் தேய்ந்து வந்தவை என்பதையும் சொன்னேன். டிரைவர் முன்வண்டியைத் தாண்ட எட்டிப் பார்த்தபோதெல்லாம் அண்ணி கண்ணை மூடிக்கொண்டார். அண்ணனுக்கு அதைவிடப் பெரிய அதிசயம், ரோட்டில் ஒரு மோட்டார் சைக்கிள்கூட இல்லாதது. நகருக்குள் அதற்குத் தடை.

ஜனவரி 12, சனி

ஷ்வேடகோன் என்கிற தங்க புத்தர் கோயிலுக்குச் சாயங்காலம்தான் கூட்டிப் போனேன். வெயிலில் போனால் பளிங்குத் தரை உள்ளங்காலைப் பொசுக்கிவிடும். வாசலில் அண்ணன் சட்டையில் வெளிநாட்டுக்காரர் ஸ்டிக்கரை ஒட்டினார்கள். "பொறந்த ஊருக்குள்ள நுழைய டிக்கெட்டா?" என்று முனகிக்கொண்டே ஏறினார். மேலே போனதும், 99 மீட்டர் தங்கம் விளக்கொளியில் நிற்பதைப் பார்த்து ஐந்து நிமிடம் பேசவில்லை. எங்கள் குடும்பத்தில் இது சாதாரண விஷயமில்லை.

கோபுரத்தைச் சுற்றி எட்டு மூலை. நம்மூர் நவக்கிரகத்தைச் சுற்றுகிற மாதிரி, அவரவர் பிறந்த கிழமையின் மூலைக்குப் போய், அங்கிருக்கும் சின்ன புத்தருக்கு வயதோடு ஒன்று கூட்டி அத்தனை குவளை நீர் ஊற்றுவார்கள். ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு பிராணி. வாரத்துக்கு ஏழு நாள்தானே என்றால், இங்கே புதன் இரண்டு. நண்பகலுக்கு முன் பிறந்தவருக்குத் தந்தமுள்ள யானை, தெற்கு மூலை. பிறகு பிறந்தவருக்குத் தந்தமில்லாத யானை, வடமேற்கு மூலை, அதிபதி ராகு. பர்மியர் வாயில் அவர் 'யாஹு'.

அண்ணியின் வியாழனில் சிக்கலில்லை, எலி. அண்ணன் 1964 மே 20, புதன். நேரம் தெரியாது. அங்கேயே நின்று பாம்பேக்குப் போன் போட்டார்.

"அம்மா, நான் பொறந்தது காலையிலயா, மத்தியானமா?"

"உங்கப்பா கடையிலேருந்து சாப்பிட வந்தப்போ நீ பொறந்திருந்தே."

"எத்தனை மணிக்கு வருவார்?"

"யாவாரம் ஓய்ஞ்சாத்தானே வருவார்?"

சரி, வேறு வழியில்லை. தெற்கில் 55 குவளை. பிறகு சனியின் நாகத்தையும் வியாழனின் எலியையும் கடந்து வடமேற்கில் இன்னொரு 55. பின்னால் நின்ற பர்மியப் பாட்டி விஷயத்தை என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, தன் முறையை விட்டுக்கொடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே நின்றார். அண்ணனுக்கு வலது சட்டைக்கை முழுக்க ஈரம்.

ஜனவரி 13, ஞாயிறு

நகர நடை. சூலே பகோடாவின் எதிரிலேயே மசூதி, பூங்காவைத் தாண்டினால் சர்ச். 1931 கணக்கெடுப்பில் இந்த ஊரில் பாதிக்கு மேல் இந்தியர்கள் என்றதும் அண்ணன், "அப்ப தாராவியை நீங்கதான் முதல்ல கட்டியிருக்கீங்க" என்றார். பெரியப்பா கடை பிரேசர் தெருவில் இருந்தது. அந்தப் பெயர் போய் அனோரதா சாலை ஆகி வெகு காலமாயிற்று. கடை இருந்த இடத்தில் போன் கவர் விற்கிறார்கள். அண்ணன் ஒன்று வாங்கினார். அவர் போனுக்குப் பொருந்தவில்லை.

ஜனவரி 14, திங்கள்

பகதூர் ஷா ஜாபர் தர்கா. இங்கே நாடு கடத்தப்பட்டு 1862-இல் இறந்த கடைசி மொகலாயரை வெள்ளைக்காரன் அடையாளமில்லாமல் புதைத்துவிட, 1991-இல் அஸ்திவாரம் தோண்டும்போதுதான் நிஜக் கல்லறை கிடைத்தது. பதிலுக்கு எங்கள் பர்மாவின் கடைசி ராஜா தீபோவை ரத்னகிரிக்குக் கொண்டுபோய் வைத்தான். 1916-இல் அங்கேயே இறந்தார். "ரத்னகிரின்னா எங்களுக்கு மாம்பழம் மட்டும்தான்" என்றார் அண்ணி, கொஞ்சம் வெட்கத்தோடு.

ஜனவரி 15, செவ்வாய்

பொங்கல். காலையில் காளி கோயில். 1871-இல் நம்மவர்கள் கட்டியது. நல்ல கூட்டம். அப்புறம் டீக்கடை. மேசையில் இருக்கும் பச்சைத் தேயிலைத் தண்ணீர் பிளாஸ்க்குக்குக் காசு இல்லை என்பதை அண்ணன் இன்னும் நம்பவில்லை, டம்ளர்களை எண்ணிக்கொண்டிருந்தார். அப்போது பெரியம்மாவின் போன். ஸ்பீக்கரில் போட்டார்.

"ராத்திரியெல்லாம் தூக்கமே இல்லடா. நான் சொன்னது உங்கக்கா பொறந்த கதை. நீ பொறந்தப்போ கடை ஏது? அதைத்தான் மார்ச்லயே சர்க்கார் எடுத்துக்கிச்சே. நோட்டு செல்லாமப் போன மூணு நாள் கழிச்சுப் பொறந்தவன் நீ."

1964 மே 17-ஆம் தேதி பர்மாவின் 50, 100 சாட் நோட்டுகள் செல்லாமல் போயின. இருந்ததைத் துண்டில் முடிந்துகொண்டு விடியுமுன்னே பெரியப்பா வரிசையில் நிற்கப் போனாராம். திரும்பியது விளக்கு வைத்த பிறகு.

"போறப்போ நீ இல்ல. வர்றப்போ இருந்தே. எனக்கு மணி பார்க்கவா நேரம்?"

அண்ணி சொன்னார்: "நல்லவேளை, ரெண்டு யானைக்கும் ஊத்திட்டீங்க."

அண்ணன் சிரிக்கவில்லை. 2016 நவம்பரில் மாதுங்காவில் பேங்க் வாசலில் அவரும் அப்படித்தான் நின்றாராம், கையில் 500 ரூபாய் நோட்டுகளோடு. அதை என்னிடம் சொல்லிவிட்டுப் போனுக்குத் திரும்பினார்.

"அம்மா, அப்பா அன்னிக்குச் சாப்பிட்டாரா?"

"ராத்திரி எட்டு மணிக்கு. பழையதுதான் இருந்தது."