பாம்பன் ரூம் – செப்டம்பர்

14.9.2025, ஞாயிறு
கச்சான் காத்து இன்னும் அடங்கல. ராத்திரி பூரா ஜன்னல் தடதடன்னு ஒரே சத்தம், தூக்கமே இல்ல. சர்வே ஃபார்ம்ல நான் போட்ட கோடு நம்பர மாத்தலாமான்னு சார்கிட்ட கேட்டிருந்தேன், பதில் வரல.

15.9, திங்கள்
மண்டைக்குள்ள அந்தக் கோடு நம்பர் 93தான் ஓடுது. ஃபார்ம் கட்ட திரும்ப அவுத்துப் பார்த்தேன். சின்னப்பாலத்துல கடல்பாசி எடுக்குற அத்தன பேருக்கும் 93, எல்லாம் என் கையெழுத்து. வீட்டு வேலை பார்த்துக்கிட்டு வீட்டுத் தேவைக்கு விறகு, கீரைன்னு பொறுக்கிட்டு வர்றவங்களுக்குப் போடுற கோடு அது. பிஎல்எஃப்எஸ்ல, அதான் மத்திய அரசோட தொழிலாளர் சர்வேல, வீட்டு வேலை மட்டும் பார்க்குறவங்களுக்குப் போடுற 92, இந்த 93 ரெண்டுமே தொழிலாளர் கணக்குல வராது. "பாசி பொறுக்கப் போவோம்"னு அவங்க சொன்னாங்க, நான் பொறுக்குறதுங்குற வார்த்தைய மட்டும் பிடிச்சுக்கிட்டு போட்டுட்டேன். மரிக்கொழுந்துப் பாசிய யாரு வீட்டுல குழம்பு வைக்கிறா? காயவச்சு மூட்டை கட்டி ஏஜென்ட்டுக்கு எடைக்குப் போடுறாங்க, அது ஜெல்லி மாதிரி உறைய வைக்கிற அகர் ஆகுது, கட்டக்கோரைப் பாசி கெட்டியாக்குறதுக்குச் சேர்க்குற அல்ஜினேட் ஆகுது. இதுக்கு 11 போடணும், சுயதொழில். சொந்த வள்ளத்துல போற புருஷனுக்கு 11, அதே கடல்ல இறங்குற பொண்டாட்டிக்கு 93.

16.9
பதில் இல்ல.

17.9, புதன்
கூடப் படிக்கிறவ போன்ல சொல்றா, ஒரு கோடுதானடி விடு, 25ஆம் தேதி டேட்டா லாக் பண்ணிருவாங்கன்னு. கோவமா பேசிட்டேன். கோட வச்சுதான டேபிள் போடுவாங்க, டேபிள வச்சுதான திட்டம் எழுதுவாங்க, அதுல வேலை இல்லாதவங்கன்னு போனா யாரு தேடி வருவா. இதத்தான நாங்க ரெண்டு பேரும் க்ளாஸ்ல மணிக்கணக்கா பேசினோம்.

19.9, வெள்ளி
விடியக்காலைல சின்னப்பாலத்துல பாசி எடுக்குற அக்கா ஒருத்தங்க வீட்டுக்குப் போனேன். பழைய நூல் சேலையக் கிழிச்ச துணி, விரல் விரலா சுத்தி நுனிய பல்லால இழுத்து முடிச்சு போடுறாங்க. வலது கைக்கு நான் கட்டிவிட்டேன். லூசா இருக்குன்னு அவுத்து மறுபடி கட்டச் சொன்னாங்க, "பாறைல மாட்டுச்சுன்னா நகத்தோட வந்துரும்த்தா". காலுக்கு ரப்பர். இது வேலைன்னு சொல்வீங்களான்னு கேட்டேன். கொஞ்ச நேரம் என்னயவே பார்த்தாங்க. "வேலை இல்லாமயா கழுத்து மட்டும் தண்ணில நிக்கிறேன்?"

அப்புறம் ஒண்ணு சொன்னாங்க, அதுல இருந்து கை ஓடல. அமாவாசை, பௌர்ணமிய ஒட்டி ஆறாறு நாள், மாசத்துக்கு 12 நாள்தான் கடலுக்கு, பாசி திரும்ப வளரணும்னு அவங்களே வச்சுக்கிட்ட கட்டுப்பாடு. நாங்க சர்வேக்குப் போனது செப்டம்பர் 2, 3. அமாவாசை ஆகஸ்ட் 23லயே போயிருச்சு. "கடந்த 7 நாள்ல என்ன வேலை செஞ்சீங்க?" ஒண்ணுமில்லன்னுதான சொல்வாங்க. அப்போ 93அ மாத்தினாலும் ஃபார்ம்ல அந்த 7 நாள் பக்கம் காலியாத்தான் நிக்கும். நாள் குறிக்கும்போது எங்க யாருக்கும் காலண்டர்ல அமாவாசையப் பார்க்கணும்னு தோணலயே.

20.9
அக்காவுக்கு கால்ல பாறை கிழிச்சிருச்சு. மஞ்சப்பொடி வச்சு கட்டியிருக்காங்க. ஆஸ்பத்திரிக்குப் போலாம்னேன், சீசன் முடியட்டும்ங்கிறாங்க.

21.9, ஞாயிறு
மகாளய அமாவாசை. ராமேஸ்வரத்துக்கு அவ்வளவு கூட்டம், எந்த பஸ்ஸும் நிக்கல, சின்னப்பாலத்துக்கு நடந்தே போயிட்டு வந்தேன். அக்கா இன்னிக்கும் தண்ணில இறங்கியிருக்காங்க, அந்தக் காலோட.

22.9
சார் பதில் போட்டாரு! மாத்தலாமாம், ஆனா ஒவ்வொரு வீட்டுக்கும் திரும்பப் போய்க் கேட்டு கையெழுத்து வாங்கணும், காரணமும் எழுதணும். 7 நாள் கேள்விய மாத்த முடியாது, தனியா குறிப்பு வைன்னுட்டாரு. மூணு நாள் இருக்கு. குறிப்பு எழுத உக்காந்தேன், பாலத்துல ரயில் போற சத்தம் கேக்குற வரைக்கும் எழுதிக்கிட்டே இருந்தேன், நாலு பக்கம்.

23.9, செவ்வாய்
காலைல ஒம்பது வீடு முடிச்சேன். எல்லாருக்கும் 11.
அக்கா வீடு பூட்டியிருக்கு. கால் வீங்கி ராத்திரியே காய்ச்சலாம், ராம்நாட் கூட்டிட்டுப் போயிருக்காங்கன்னு பக்கத்து வீட்டுல சொன்னாங்க. போன் அடிச்சா யாரும் எடுக்கல. அவங்க ஃபார்ம் மட்டும் பைல இருக்கு, பஸ்ஸுக்கு நிக்கிறேன்