செக்ரோலில் இல்லாத பெயர்

மூணாறு பக்கம் ஒரு அட்சய மையத்தில் (கேரள அரசின் இ-சேவை மையம்) ஆறு வருடம் வேலை பார்த்தேன். ரேஷன் கார்டு, கரண்ட் பில் எல்லாம் போகிற போக்கில் முடிந்துவிடும். சாதிச் சான்றிதழ் கேட்டு வந்தால் மட்டும் முதலில் உட்காரச் சொல்வேன்.

கேரளத்தில் பட்டியல் சாதிச் சான்றிதழ் வேண்டுமென்றால், 1950 ஆகஸ்ட் 10-க்கு முன்பே குடும்பம் இங்கே இருந்ததைக் காட்ட வேண்டும். குடியரசுத் தலைவரின் பட்டியல் சாதி ஆணை வந்த நாள் அது. பட்டியல் மாநிலவாரியானது, மாநிலம் மாறிப் போனால் அந்தத் தகுதி கூடவே வராது என்று 1990-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஓரிடத்தில் ஒடுக்கப்பட்ட சாதி இன்னோரிடத்தில் அப்படி இல்லாமல் இருக்கலாம் என்பது வாதம். சரி. ஆனால் தமிழ்நாட்டுப் பட்டியலில் இருக்கும் பறையர், பள்ளர், சக்கிலியர் மூன்றும் கேரளப் பட்டியலிலும் இருக்கின்றனவே!

அப்புறம் ஆதாரம். நிலம் இருந்தால் வரி ரசீது இருக்கும். தமிழ்நாட்டிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வந்த நாங்கள் இருக்கும் லயமோ, அதாவது வரிசை வீடுகளோ, கம்பெனியுடையது. நிலச் சீர்திருத்தம் வந்தபோது தோட்டங்களுக்கு உச்சவரம்பிலிருந்து விலக்குக் கொடுத்துவிட்டார்கள். அதனால் மூன்று தலைமுறை கொழுந்து எடுத்தும் எங்கள் ஆட்களிடம் ஒரு துண்டுப் பட்டா கிடையாது. மிஞ்சுவது தோட்டத்துச் செக்ரோல், அதாவது தொழிலாளர் பெயர்ப் பதிவேடு. அதுவும் கம்பெனி அலமாரியில். ஒரு சட்டத்தால் இல்லாமல் போன காகிதத்தை இன்னொரு சட்டம் கேட்கிறது.

என் தாத்தா பெயர் 1948 செக்ரோலில் கிடைத்தது. அங்கிருந்த கிளார்க்கை யூனியன்காரர் ஒருவருக்குத் தெரியும், அவ்வளவுதான். பக்கத்து வீட்டுத் தாத்தா தமிழ்நாட்டிலிருந்து மலையேறியது 1952-இல். ஒரே ஊர், ஒரே சாதி, ஒரே கங்காணி. நடுவில் லயத்தின் ஒற்றைச் சுவர்.

அந்த வீட்டுப் பாட்டி பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்தார். பிளஸ் டூ முடித்த பெண். நான் ஏதோ சட்டத்தை எழுதியவனே நான்தான் என்பதுபோலத் தேதிக் கணக்கை விளக்கினேன். பாட்டி பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"ஊர்ல கொடைக்குப் போனா எங்கள எங்க நிப்பாட்டணும்னு எல்லாருக்கும் தெரியுது தம்பி. அங்க எவனும் சர்டிபிகேட் கேக்கலயே."

எனக்குப் பேச்சு வரவில்லை.

எங்கள் தேவிகுளம் சட்டமன்றத் தனித்தொகுதி. அதன் எம்.எல்.ஏ.வின் வெற்றியையே இந்தக் குடியேற்றக் கேள்வியும் மதமாற்றக் கேள்வியும் சேர்ந்து 2023-இல் உயர் நீதிமன்றத்தில் கவிழ்த்தன. 2025-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. டெல்லி வரை போக அவரால் முடிந்தது. பாட்டிக்கு வில்லேஜ் ஆபீஸுக்குப் போய்வரவே ஒரு நாள் கூலி போகும்.

போனார்கள். மூன்று முறை. மூன்றாவது முறை வந்தபோது கல்லூரி விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். பொதுப்பிரிவு என்று போட்டு அனுப்பினேன். கட்டணத்தைப் பார்த்துவிட்டு, "இது வருஷத்துக்கா, மொத்தத்துக்கா?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

என் தங்கையும் அந்த வருடம்தான் கல்லூரியில் சேர்ந்தாள். அவளுக்கு இ-கிராண்ட்ஸ் உதவித்தொகைக்கு அதே கம்ப்யூட்டரில் நானே விண்ணப்பம் போட்டேன். பத்து நிமிட வேலை.