விடுபட்ட ஒரு 'ப்'

ஜூன் 2, திங்கள்

இன்று காலைத் தியானத்துக்கு 10க்கு 4 போட்டேன்.

போட்ட பிறகு அந்த எண்ணையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிப்ரவரியிலிருந்து தினமும் 25 நிமிடம் உட்காருகிறேன். ஒரு நோட்டில் தேதி, நேரம், அப்புறம் ஒரு மதிப்பெண். மூச்சில் மனம் நின்றால் 7 அல்லது 8. அலைந்தால் 4. ஒரே ஒரு நாள் 9. இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானே தேர்வு வைத்து, நானே எழுதி, நானே திருத்திக்கொண்டிருக்கிறேன்.

என் வேலை பிழை திருத்துவது. அச்சுக்குப் போகும் பக்கங்களை வரி வரியாகப் படித்துத் தப்பைத் தேடுவது. 14 வருடமாக இதே வேலை. வேலை முடிந்ததும் இந்தக் கண் ஓய்வதில்லை. கண்ணாடி முன்னால் நின்றாலும் சரி, யாரிடமாவது பேசிவிட்டு வந்தாலும் சரி, எங்கே தப்பு நடந்தது என்றுதான் முதலில் தேடும். அதனிடமிருந்து கொஞ்ச நேரம் விடுதலை வேண்டும் என்றுதான் தியானத்துக்கே உட்கார்ந்தேன். அதையும் கூடவே அழைத்துப் போய்ப் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறேன் என்பது இன்றுதான் தெரிந்தது.

ஜூன் 3, செவ்வாய்

மதிப்பெண் எழுதவில்லை. ஆனால் எழுந்திருக்கும்போதே மனத்துக்குள் 6 என்று வந்துவிட்டது.

ஜூன் 7, சனி

மூன்று நாளாக உட்காரவில்லை.

நான் படித்து அனுப்பிய புத்தகம் புதன்கிழமை அச்சாகி வந்தது. 312 பக்கம். உள்ளே எல்லாம் சுத்தமாகத்தான் இருக்கிறது. முகப்பில், தலைப்பில், இரண்டு சொற்களுக்கு நடுவே வரவேண்டிய 'ப்' இல்லை. அட்டையின் கடைசிப் படி என் கைக்கு வந்துதான் போனது. நான் பார்த்துத்தான் சரி என்று எழுதினேன்.

"உங்களை நம்பித்தானே கொடுத்தோம்" என்றார் பதிப்பகத்தார் தொலைபேசியில். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் உறைத்தது.

அன்றிலிருந்து இரவு மூன்று மணிக்கு விழிப்பு வருகிறது. விழித்ததும் அந்த அட்டை கண்முன் நிற்கிறது. ஒற்று விட்டுப்போனது என்று மனம் சொல்வதில்லை. நீ லாயக்கில்லை என்கிறது. முதலாவது ஓர் எழுத்தைப் பற்றியது. இரண்டாவது என்னைப் பற்றியது. நடுவில் எந்தப் படியும் இல்லாமல் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எப்படித் தாவினேன் என்று எனக்கே புரியவில்லை.

நேரம் இல்லாமல் தியானத்தை விடவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். வியாழன், வெள்ளி, இன்று, மூன்று நாளும் வழக்கமான நேரத்தில் விரிப்புக்கு முன்னால் போய் நின்றேன். நின்றதும் ஒரு குரல், "உனக்கெல்லாம் இது எதற்கு?" என்றது. திரும்பி வந்துவிட்டேன். ஒழுங்காக வேலை செய்தவளுக்குத்தான் அந்த 25 நிமிடம் என்று எங்கோ தீர்மானித்து வைத்திருக்கிறேன் போலிருக்கிறது.

ஜூன் 12, வியாழன்

எனக்குத் தியானம் சொல்லிக்கொடுத்த அம்மாவிடம் பேசினேன். அவர்களுக்கு 70 வயதுக்கு மேல். தொலைபேசியில் குரலைக் கேட்டதுமே கண்டுபிடித்துவிட்டார்கள்.

"உட்கார்றதில்லையாம்மா?"

"இல்லம்மா. மனசு சரியில்லை. அதுக்கு எனக்குத் தகுதி இருக்கிற மாதிரியே தோணல."

"அழுக்கா இருக்கேன், அதனால குளிக்க மாட்டேன்னு சொல்லுவியா?"

பதில் சொல்ல வரவில்லை. அழுதுவிட்டேன். அவர்கள் அவசரப்படுத்தவில்லை. நான் முடிக்கும்வரை காத்திருந்தார்கள். அப்புறம், கொஞ்ச நாளைக்கு மூச்சைக் கவனிக்கும் பயிற்சியை விட்டுவிட்டு மைத்ரி செய்யச் சொன்னார்கள். பௌத்தர்கள் மெத்தா என்று சொல்லும் அன்புத் தியானம். கண்ணை மூடி, முதலில் தனக்குத்தானே மூன்று வாக்கியங்கள்: நான் நலமாக இருக்க வேண்டும், நான் பயமில்லாமல் இருக்க வேண்டும், நான் அமைதியாக இருக்க வேண்டும். அப்புறம் அதே வாக்கியங்களை மற்றவர்களுக்கு.

தூக்கம் கெடுவதைச் சொன்னதும் குரல் மாறியது. இன்னும் ஒரு வாரத்தில் சரியாகவில்லை என்றால் மருத்துவரைப் பார்த்துவிடு, தியானத்தை மருந்துக்குப் பதிலாக வைக்காதே என்று கண்டிப்பாகவே சொன்னார்கள். இதை இங்கே எழுதி வைப்பது முக்கியம் என்று நினைக்கிறேன். எல்லாம் மனம்தான், உட்கார்ந்தால் போய்விடும் என்று சொல்லிச் சொல்லியே சிலரைத் தனியாக விட்டுவிடுகிறோம்.

பேச்சோடு பேச்சாக ஒரு சம்பவம் சொன்னார்கள். 1990-இல் தரம்சாலாவில் நடந்த ஒரு சந்திப்பில் ஷாரன் சால்ஸ்பெர்க் என்ற அமெரிக்கத் தியான ஆசிரியை, தன்னைத்தானே வெறுப்பது பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று தலாய் லாமாவிடம் கேட்டாராம். அவருக்குக் கேள்வியே விளங்கவில்லை. மொழிபெயர்ப்பாளரிடம் திரும்பத் திரும்பக் கேட்டுத்தான் புரிந்துகொண்டார். அறையில் இருந்த பலருக்கும் அந்த உணர்வு நன்றாகத் தெரியும் என்று அறிந்து இன்னும் வியந்தார்.

இரவு முழுக்க இதுவே ஓடியது. நான் பிறவிக் குணம் என்று நினைத்துக்கொண்டிருந்த ஒன்றை, வாழ்நாள் முழுதும் மனத்தையே ஆராய்ந்த ஒருவரால் உடனே அடையாளம் காண முடியவில்லை. அப்படியானால் இது கற்றுக்கொண்ட பழக்கமாகத்தான் இருக்க வேண்டும்.

ஜூன் 13, வெள்ளி

உட்கார்ந்தேன். முதல் வாக்கியத்திலேயே தொண்டை அடைத்தது. "நான் நலமாக இருக்க வேண்டும்" என்று சொல்லும்போது பொய் சொல்வது போலிருந்தது. ஐந்து நிமிடத்தில் எழுந்துவிட்டேன்.

ஜூன் 15, ஞாயிறு

இந்தப் பயிற்சி எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். 5-ஆம் நூற்றாண்டில் புத்தகோசர் என்ற பௌத்த அறிஞர் பாலி மொழியில் எழுதிய விசுத்திமக்கம் என்ற நூலில் இதற்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் தான். பிறகு மதிப்புக்குரியவர், நெருங்கிய நண்பர், வேண்டியவரும் இல்லை வேண்டாதவரும் இல்லை என்கிற நடுநிலையான ஆள், கடைசியாகப் பகைவர்.

தன்னை ஏன் முதலில் வைக்கிறார்? நூறு வருடம் தன்னை நோக்கியே இந்த அன்பை வளர்த்தாலும் தியானத்தின் ஆழ்ந்த நிலை கைகூடாது என்று அவரே சொல்கிறார். தான் முதலில் வருவது ஒரு சாட்சியாக. நான் இன்பத்தை விரும்பித் துன்பத்தை வெறுப்பது போலத்தான் மற்ற உயிர்களும் என்று மனத்துக்குக் காட்டுவதற்காக.

இதைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். நீ நல்லவள், திறமைசாலி, அதனால் உன்னை நேசித்துக்கொள் என்று இதில் எங்கேயும் இல்லை. நலமாக இருக்க ஆசைப்படும் உயிர்களில் நீயும் ஒன்று. அவ்வளவுதான் கேட்கப்படுகிறது. கண்ணாடியைப் பார்த்து "நான் அற்புதமானவள்" என்று தினமும் சொல்லிப் பார்த்த காலம் எனக்கு உண்டு. அந்த அட்டையைப் போல ஒன்று வந்ததும் அது அத்தனையும் சரிந்துவிடும். அங்கே என் மதிப்பு ஒரு வாதத்தின் மேல் நிற்கிறது, எதிர்வாதம் எப்போதும் தயாராக இருக்கிறது. உயிரோடு இருக்கிறேன், வலிக்கிறது, வலிக்காமல் இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன் என்பதற்கு யார் என்ன எதிர்வாதம் சொல்ல முடியும்?

ஜூன் 17, செவ்வாய்

இன்று நடந்ததை விரிவாக எழுத வேண்டும்.

என்னிலிருந்து தொடங்கினால் தொண்டை அடைக்கிறது என்பதால் வரிசையை மாற்றி, நடுநிலையான ஆளிலிருந்து தொடங்கினேன். நான் போகும் நூலகத்தில் ஜன்னலோரம் ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பார். பெயர் தெரியாது, பேசியதில்லை. அடிக்கடி இருமுவார், இருமும்போது மற்றவர்களுக்குத் தொந்தரவு ஆகக்கூடாதென்று புத்தகத்தை முகத்துக்கு முன்னால் தூக்கிக்கொள்வார். எனக்கு அவரைப் பற்றித் தெரிந்தது அது மட்டும்தான்.

நீங்கள் நலமாக இருக்க வேண்டும் என்றேன். சுலபமாக வந்தது. நீங்கள் பயமில்லாமல் இருக்க வேண்டும். அந்த இருமல் குறைய வேண்டும் என்று நானாகவே ஒன்று சேர்த்துக்கொண்டேன். உண்மையாகவே விரும்பினேன், நெஞ்சு இளகியது.

அப்போதுதான் உறைத்தது. அவர் வாழ்க்கையில் என்ன சாதித்தார் என்று எனக்குத் தெரியாது. வேலையில் தப்பு செய்தாரா, வீட்டில் எப்படி நடந்துகொண்டார், எதுவும் தெரியாது. அதை நான் கேட்கவே இல்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை. அவர் நலமாக இருக்க வேண்டும் என்பதற்கு அவர் இருப்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

அப்புறம் ஒன்று செய்து பார்த்தேன். அதே நூலகத்தில், அந்தப் பெரியவருக்கு இரண்டு மேசை தள்ளி, ஒரு பெண் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டேன். முதுகு மட்டும் தெரிகிறது. குனிந்து ஏதோ திருத்திக்கொண்டிருக்கிறாள். தோள் இறுகியிருக்கிறது. மூன்று நாளாகத் தூங்கவில்லை போலிருக்கிறது. அவள் யாரோ, எனக்குத் தெரியாது.

நீங்கள் நலமாக இருக்க வேண்டும் என்று அவளுக்குச் சொன்னேன். தொண்டை அடைக்கவில்லை.

எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. கடிகாரம் பார்க்கவில்லை. எழுந்தபோது கால் மரத்துப்போயிருந்தது.

ஜூன் 18, புதன்

நேற்று போல் வரவில்லை. அதே பெண்ணை வரவழைக்கப் பார்த்தேன், படம் நிற்கவே இல்லை. பரவாயில்லை. மூன்று வாக்கியங்களையும் மெதுவாகச் சொல்லிவிட்டு எழுந்தேன். இரவு ஐந்தரை மணி நேரம் விழிக்காமல் தூங்கினேன்.

ஜூன் 21, சனி

மூன்று மணிக்கு விழிப்பு, மறுபடியும் அந்த அட்டை. இந்த முறை படுத்தபடியே, நான் யார் என்று தனக்குள் கேட்டுப் பார்க்கும் ஆத்ம விசாரத்தைச் செய்து பார்த்தேன். திருவண்ணாமலையில் பேச்சில்லாமல் இருந்த இளைஞரான ரமணரிடம் சிவப்பிரகாசம் பிள்ளை 1902 வாக்கில் கேள்விகள் கேட்டார். ரமணர் எழுதிக் காட்டிய பதில்களே பின்னால் 'நான் யார்?' என்ற சிறு நூலாயின. அதில் சொல்லப்படும் வழி எளியது. ஓர் எண்ணம் எழுந்தால் அதைப் பின்தொடராமல், இது யாருக்கு வந்தது என்று கேட்பது. எனக்கு என்று பதில் வரும். அந்த நான் யார் என்று உள்ளே திரும்புவது.

இந்த வெட்கம் யாருக்கு? எனக்கு. சரி, அது எங்கே இருக்கிறது? காது மடல் சூடாக இருக்கிறது, வயிற்றில் ஒரு பிடிப்பு இருக்கிறது. அதையெல்லாம் தெரிந்துகொண்டிருப்பது எது? அதற்கும் காது சூடாக இருக்கிறதா?

இல்லை. தெரிந்துகொண்டிருப்பது வெட்கப்படவில்லை. அந்த அட்டை வந்த புதன்கிழமைக்கு முன்னால் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. அந்த 'ப்' விடுபட்டதால் அதில் எதுவும் குறையவில்லை. ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ அப்படித் தெரிந்தது, அப்புறம் வழக்கமான யோசனைகள் வந்து மூடிக்கொண்டன. ஞானம் கிடைத்துவிட்டது என்றெல்லாம் சொல்ல வரவில்லை. ஆனால் எதையும் சம்பாதிக்காமலே முழுதாக இருக்கும் ஓர் இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தேன். அது நான் கட்டியதில்லை, அதனால் என்னால் இடிந்துபோகவும் முடியாது என்று தோன்றியது.

ஜூன் 24, செவ்வாய்

பதிப்பகத்துக்கு இன்று கடிதம் அனுப்பினேன். 6-ஆம் தேதியே ஒன்று எழுதி அனுப்பாமல் வைத்திருந்தேன். இன்று அதை எடுத்துப் படித்தேன். ஒரு முழுப் பக்கம். எவ்வளவு மனமுடைந்து போயிருக்கிறேன், 14 வருடத்தில் இப்படி நடந்ததே இல்லை, என்னை மன்னிக்கவே முடியாது என்று முழுக்க முழுக்க என்னைப் பற்றியே. படித்தால் அவர்தான் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டியிருந்திருக்கும். புத்தகத்துக்கு என்ன செய்யலாம் என்று ஒரு வரிகூட இல்லை.

புதிய கடிதம் ஐந்து வரி. தவறு என்னுடையது. இந்த வேலைக்கான கூலியைத் திருப்பித் தருகிறேன். அடுத்த பதிப்புக்கு அட்டையை இலவசமாகப் பார்த்துத் தருகிறேன். இனி அட்டையைத் தனியாக, வேறொரு நாளில், கடைசியிலிருந்து முதலுக்கு ஒவ்வொரு எழுத்தாகப் படிப்பேன். உங்களுக்கு நேர்ந்த சங்கடத்துக்கு வருந்துகிறேன்.

தன்னை ஏற்றுக்கொண்டால் பொறுப்பு போய்விடும், அலட்சியம் வந்துவிடும் என்று நானும் பயந்திருக்கிறேன். இந்த இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு அந்தப் பயம் இல்லை. நான் லாயக்கா இல்லையா என்ற வழக்கு நடந்துகொண்டிருந்தவரை அந்தப் புத்தகம் என் கண்ணுக்கே தெரியவில்லை.

ஜூன் 30, திங்கள்

பதிப்பகத்தார் அழைத்தார். கூலியைத் திருப்பித் தர வேண்டாம் என்றார். அடுத்த புத்தகத்தையும் நானே பார்க்க வேண்டுமாம். "உங்க கண்ணு யாருக்கு வரும்" என்றார்.

மாலை உட்கார்ந்தபோது உடம்பே லேசாக இருந்தது. மூச்சு நூல் பிடித்த மாதிரி போனது. மனத்துக்குள் 9 என்று வந்தது.

அதைக் கண்டதும் கொஞ்சம் பயந்தேன். திட்டு வந்தபோது உட்காரவே முடியவில்லை, பாராட்டு வந்தபோது 9. இரண்டு முறையும் கயிறு அவர் கையில்தான் இருந்தது. பாராட்டு இனிக்கட்டும், அதில் தப்பில்லை. ஆனால் இன்று தியானம் செய்தது அந்தப் பாராட்டுதான், நான் இல்லை. எழுந்து முகம் கழுவிவிட்டு மறுபடி பத்து நிமிடம் உட்கார்ந்தேன். நூலகத்துப் பெரியவரிலிருந்து தொடங்கினேன்.

ஜூலை 9, புதன்

என்னைப் பெற்ற அம்மாவுக்குக் காய்ச்சல். இரண்டு நாளாகக் காலையில் உட்கார முடியவில்லை. நேற்று இரவு அவள் தூங்கிய பிறகு, கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியிலேயே ஐந்து நிமிடம் கண்ணை மூடினேன். நீ நலமாக இருக்க வேண்டும் என்று அவளுக்கு. நான் நலமாக இருக்க வேண்டும் என்று எனக்கு. இரண்டுக்கும் நடுவில் குரல் மாறவில்லை.

விட்ட நாட்களை ஈடுகட்ட வேண்டும் என்று கணக்குப் போடவில்லை. நோட்டில் மதிப்பெண் இருந்த பத்தியில் இப்போது அம்மாவின் காய்ச்சல் அளவு எழுதியிருக்கிறேன். இன்று காலை 99.2.

புதிய புத்தகத்தின் முதல் 40 பக்கம் வந்திருக்கிறது. பிழைகள் நிறைய. பென்சிலைச் சீவி வைத்திருக்கிறேன். அவள் எழுந்து கஞ்சி குடித்ததும் தொடங்க வேண்டும்.