வெள்ளகோவில் பக்கத்துத் தோட்டக் குறிப்பு: கிடாரியின் மூச்சு

செப்டம்பர் 2, செவ்வாய்

இன்றைக்கும் மழை ஏமாற்றிவிட்டது. இருட்டிக்கொண்டு வந்தது, அப்படியே கிழக்கே போய்விட்டது. மாட்டுக்கென்று ஆடியில் விதைத்த சோளம் முழங்காலைத் தாண்டாமல் சுண்டி நிற்கிறது.

ராத்திரி பாப்பாவுக்கு மூச்சுப் பாடம். என்னை உட்காரவைத்து எண்ணினாள். நிமிஷத்துக்கு 16. மூச்சுக்குச் சுமார் அரை லிட்டர் என்று வைத்துக்கொண்டால் நாளுக்கு 11,520 லிட்டர். மாடியில் இருக்கிற ஆயிரம் லிட்டர் டேங்க் பதினொன்றரை! நுரையீரலுக்குள் சுமார் 30 கோடி நுண்ணறைகள் உண்டாம், பிரித்துப் பரப்பினால் 70 சதுர மீட்டர் வருமாம். "சென்ட்டுல சொல்லு கண்ணு" என்றேன். ஒன்றே முக்கால் சென்ட். இந்த நெஞ்சுக்கூட்டுக்குள் ஒரு மனை இடம் மடிந்து கிடக்கிறது.

காற்று போவதால் நெஞ்சு விரிகிறது என்றுதான் நானும் இத்தனை நாள் நினைத்திருந்தேன். சங்கதி தலைகீழ். நுரையீரலுக்கு இழுக்கிற தசையே கிடையாது. கீழே இருக்கிற உதரவிதானம் என்ற தசைத்திரை தட்டையாகிறது, விலா தூக்குகிறது, உள்ளே இடம் கூடி அழுத்தம் குறைகிறது. காற்று தானாக வருகிறது.

செப்டம்பர் 5, வெள்ளி

கிடாரியின் கயிறு இற்றுப்போயிருந்தது எனக்குத் தெரியும். நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டது என் தப்பு. காலையில் அறுத்துக்கொண்டு சோளக்காட்டுக்குள் போய்விட்டது. பார்த்து ஓட்டிவருவதற்குள் வயிறு முட்ட மேய்ந்திருந்தது. கட்டுத்தரைக்கு வந்த கொஞ்ச நேரத்தில் தள்ளாட்டம், வாயில் நுரை, அப்புறம் படுத்தேவிட்டது. மூச்சு இரைக்கிற சத்தம் வீட்டு வாசலுக்குக் கேட்டது.

ஆத்தா பார்த்ததுமே சொல்லிவிட்டார்: "சோளம் அடிச்சுப்போட்டதுடா. கதிர் வாங்காத பயிர்ல, அதுவும் காஞ்ச பயிர்ல மாடு வாய் வெக்கலாமா?"

நல்லவேளை, டாக்டர் பக்கத்து ஊரில்தான் இருந்தார். கழுத்து நரம்பில் ஊசி ஏற்றும்போது துளிர்த்த ரத்தம் செக்கச்செவேல் என்று இருந்தது. வழக்கமாக அந்த நரம்பில் வருவது கறுத்த ரத்தமாகத்தான் இருக்கும்.

"இதுக்கு நுரையீரல்ல ஒரு குறையும் இல்லீங்க. ரத்தத்துல ஆக்சிஜன் நிறைய இருக்குது. அதை எடுத்துச் செலவு பண்ணத்தான் உடம்புக்கு முடியல" என்றார்.

சாயங்காலம் நாலு மணிக்கு எழுந்து நின்றது. அதுவரைக்கும் வீட்டில் யாரும் சோறு தின்னவில்லை.

செப்டம்பர் 6, சனி

டாக்டர் சொன்ன ஒரு வாக்கியம் விடவில்லை. பாப்பாவின் புத்தகத்தை நானே எடுத்து வைத்துக்கொண்டேன்.

மூக்கும் நுரையீரலும் செய்வது கொண்டுவந்து சேர்க்கிற வேலை மட்டும். நிஜமான சுவாசம் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் நடக்கிறது. முதலில் குளுக்கோஸ் இரண்டாக உடைகிறது. அதற்கு ஆக்சிஜன் வேண்டாம்; கிடைப்பதும் இரண்டே ஏடிபி; செல் செலவழிக்கிற ஆற்றல் காசு அதுதான். மீதி வருமானமெல்லாம் செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கிற மைட்டோகாண்ட்ரியா என்ற குட்டி உறுப்பில். ஆக மொத்தம் ஒரு குளுக்கோசுக்கு 30, 32 என்று இப்போது கணக்கிடுகிறார்கள். பாப்பாவின் கைடில் இன்னும் பழைய 38தான் இருக்கிறது. பரீட்சைக்கு அதையே எழுதட்டும்.

ஆக்சிஜன் எங்கே வருகிறது? கடைசியில். எனக்குப் பால் சொசைட்டியை வைத்துத்தான் பிடிபட்டது. உணவிலிருந்து பிரியும் எலக்ட்ரான்களைச் சில மூலக்கூறுகள் கேன் மாதிரி சுமந்து வருகின்றன. ஒரு சங்கிலி வழியாக அவை கைமாறி இறங்கும்போதுதான் ஏடிபிக்கான ஆற்றல் கிடைக்கிறது. கடைசியில் வாங்கிக்கொண்டு தண்ணீராக மாறுவது ஆக்சிஜன். அதுதான் பால் வண்டி. வண்டி ஏற்றாவிட்டால் கேன் காலியாகாது, காலிக் கேன் இல்லாமல் கறவையும் நிற்கும்.

வாடிய சோளத்தில் இருக்கிற டுரின் என்ற பொருள், மென்றதும் சயனைடை விடுகிறது. அந்தச் சயனைடு, எலக்ட்ரானை ஆக்சிஜனிடம் ஒப்படைக்கிற கடைசி நொதியின் இரும்பில் போய் ஒட்டிக்கொள்கிறது. வண்டி வாசலில் நிற்கிறது, சொசைட்டிக் கதவு பூட்டு. செலவாகாத ஆக்சிஜன் ரத்தத்திலேயே திரும்பி வருவதால்தான் அந்தச் சிவப்பு.

ஏற்றிய மருந்து இரண்டு. சோடியம் நைட்ரைட் ஹீமோகுளோபினில் கொஞ்சத்தை மாற்றி, சயனைடை அந்தப் பக்கம் இழுக்கிறது. சோடியம் தயோசல்பேட் அதை மூத்திரத்தில் போகிற சரக்காக மாற்றுகிறது. போட்டோ ஸ்டுடியோவில் பிலிம் கழுவ வைத்திருந்தார்களே ஹைப்போ, அதேதான்!

செப்டம்பர் 9, செவ்வாய்

நேற்று ஒரு உழவு மழை. சுண்டிய சோளம் துளிர்க்கும். அந்தத் துளிர் இன்னும் மோசம் என்று ஆத்தா சொல்கிறார், டாக்டரும் அதையேதான் சொன்னார். கதிர் வரட்டும், அறுத்து நன்றாகக் காயப்போட்டுத்தான் கொடுக்கவேண்டும். அதுவரைக்கும் கொறங்காட்டு (மேய்ச்சல் நிலத்து) கொழுக்கட்டைப் புல்.

பாப்பா கட்டுத்தரையில் குந்தி, கிடாரியின் விலா ஏறி இறங்குவதை எண்ணிக்கொண்டிருந்தாள். 24. நோட்டின் கடைசிப் பக்கத்தில் என்னுடைய 16க்குக் கீழே எழுதிவைத்திருக்கிறாள்.

சந்தையில் புதுக் கயிறு இரண்டு வாங்கினேன்.