வைரஸே இல்லாமல் நீலமாகும் தங்கம்
கதவுக் கைப்பிடி, லிஃப்ட் பட்டன் போன்ற இடங்களைத் துடைத்தெடுத்து தங்க நானோ துகளால் வைரஸ் தேடுபவர்களுக்கு.

15 நானோமீட்டர் துகள்கள் தனித்தனியாக மிதக்கும்வரை கரைசல் நல்ல சிவப்பு. 520 நானோமீட்டர் ஒளியை அதிகம் விழுங்கும். துகளில் ஒட்டிய ஆன்டிபாடிகள் வைரஸைப் பிடித்தால் துகள்கள் நெருங்கி, நிறம் ஊதாப் பக்கம் போகும். கண்ணை நம்பாமல் 650, 520 நானோமீட்டர் இரண்டிலும் எவ்வளவு ஒளி விழுங்குகிறது என்று அளந்து விகிதம் பாருங்கள்; 650-இன் பங்கு ஏறினால் துகள்கள் திரள்கின்றன.

பாதித் தகராறு ஒளியில் இல்லை, துடைப்பதில்தான். குச்சியை உப்புக்கரைசலில் நனைத்தால், சரியாக மூடப்படாத துகள்களை அந்த உப்பே திரட்டிவிடும், வைரஸ் இல்லாமலே நிறம் மாறும். அதனால் ஆன்டிபாடி ஏற்றியதும் 1% பிஎஸ்ஏ (மாட்டு ரத்தத்தில் உள்ள ஆல்புமின்) புரதத்தால் மூடுங்கள். பிறகு 1 மில்லி கரைசலில் 10% சோடியம் குளோரைடு 100 மைக்ரோலிட்டர் விட்டு 10 நிமிடம் பாருங்கள். நீலம் தட்டினால் அந்த பேட்ச் வீண்.

அடுத்த எதிரி கிருமிநாசினி. தரை துடைக்கும் குவாட்டர்னரி அம்மோனியம் திரவங்களுக்கு நேர்மின்னேற்றம், சிட்ரேட் உப்பு ஒட்டிய தங்கத் துகளுக்கு எதிர்மின்னேற்றம். சேர்ந்தால் திரளாமல் என்ன செய்யும்? பிளீச்சிங் மிச்சமோ ஆன்டிபாடியையே கெடுத்து, இருக்கும் வைரஸையும் மறைக்கும். அதே கிருமிநாசினியால் துடைத்த, வைரஸ் இல்லாத பரப்பிலிருந்து ஒப்பிட ஒரு வெற்று மாதிரி கட்டாயம்.

கரைசலை ஃப்ரீசரில் வைக்காதீர்கள், 4 டிகிரி போதும். உறைந்து திரண்ட தங்கத்தை எவ்வளவு குலுக்கினாலும் பழைய சிவப்பு வராது.

இன்னொன்று: இது செத்த வைரஸையும் பிடிக்கும். 'பாசிட்டிவ்' என்றதும் அந்த மாடியையே பூட்டச் சொல்லாதீர்கள்.